முதலில் ஆசிரியர்களுக்குக் காட்டுங்கள்: பள்ளிக் கல்வித் துறைக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையினருக்கு, குறிப்பாக அரசுப் பள்ளிகளில் திரையிடப் படங்களைத் தேர்ந்தெடுப்பவர்களுக்கு,

வணக்கம்.

ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா நான். என் மகளுக்கு ஆட்டிசம் இருக்கிறது. 2022இல் நீங்கள் தொடங்கிய சிறார் திரைப்படத் திரையிடல் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அருகில் இருந்து பார்த்தவள். பள்ளியில் படம் பார்த்துவிட்டு வந்த பக்கத்து வீட்டுப் பையன் ஒரு வாரம் அதையே பேசிக்கொண்டிருந்தான். அந்த நம்பிக்கையில்தான் எழுதுகிறேன். உங்கள் பட்டியலில் ஒரு படத்தைச் சேர்க்க வேண்டும். சேர்த்தால், பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு முன்னால் ஆசிரியர்களுக்குக் காட்ட வேண்டும்.

படத்தின் பெயர் ‘டெம்பிள் கிராண்டின்’. மிக் ஜாக்சன் இயக்கத்தில் அமெரிக்காவின் எச்பிஓ தொலைக்காட்சிக்காக எடுக்கப்பட்டு, 2010 பிப்ரவரியில் ஒளிபரப்பானது. அந்த ஆண்டு, தொலைக்காட்சிப் படைப்புகளுக்குத் தரப்படும் எம்மி விருதுகளில் 7 வாங்கியது. டெம்பிளாக நடித்தவர் கிளேர் டேன்ஸ். கதையின் நாயகி டெம்பிள் கற்பனைப் பாத்திரம் இல்லை, ஆட்டிசம் உள்ள நிஜப் பெண். 1947இல் பாஸ்டன் நகரில் பிறந்தவர். கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் கால்நடை அறிவியல் பேராசிரியர். நான்கு வயது நெருங்கும்வரை அவருக்குப் பேச்சு வரவில்லை. காப்பகத்தில் சேர்த்துவிடுங்கள் என்று மருத்துவர் சொன்ன பிள்ளை அவர்.

எனக்கு ஆங்கிலம் பாதிதான் புரியும். மகளுக்கு அதைவிடக் குறைவு. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து மடிக்கணினியில் பார்த்தோம். படத்தில் இளம்பெண் டெம்பிள் அரிசோனாவில் ஆன் என்ற உறவுக்காரப் பெண்ணின் பண்ணைக்குப் போகிறாள். அங்கே மாடுகளுக்கு ஊசி போட ஒரு கம்பிக் கூண்டு வைத்திருக்கிறார்கள். மாடு உள்ளே வந்ததும் இரண்டு பக்கமும் பலகைகள் நெருங்கி அதன் உடம்பை அணைத்துப் பிடிக்கும். அதுவரை மிரண்டு திமிறிய மாடு அமைதியாகிவிடும். டெம்பிள் அதைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாள். பிறகு ஒருநாள் மனம் பதறி, மூச்சு முட்டுகிற நேரத்தில், அவளே ஓடிப்போய் அந்தக் கூண்டுக்குள் புகுந்துகொள்கிறாள். பலகைகள் அழுத்துகின்றன. முகம் மெல்லத் தெளிகிறது.

என் மகள் அந்த இடத்தைப் பின்னால் தள்ளி மறுபடி பார்த்தாள். நான்கு முறை. பிறகு எழுந்து போய், விட்டத்தில் கட்டியிருக்கும் தூளிக்குள் ஏறிச் சேலையை உடம்போடு இறுக்கிச் சுற்றிக்கொண்டாள். அவள் பாட்டியின் நூல் சேலை அது. கைக்குழந்தையாக இருந்தபோது கட்டியது, இன்னும் அவிழ்க்கவில்லை. “பன்னெண்டு வயசுப் புள்ளைக்குத் தூளி என்னடி, கழட்டிப் போடு” என்று சொல்லாத உறவுக்காரர் இல்லை. நானும் ஒருமுறை கழற்றினேன். மூன்று நாள் அவளும் தூங்கவில்லை, நாங்களும் தூங்கவில்லை. ஏன் என்று அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமைதான் தெரிந்தது.

டெம்பிள் கல்லூரிக்குப் போன பிறகு தனக்கென்று அப்படி ஓர் அணைக்கும் பொறியை மரத்தில் செய்துகொள்கிறாள். கல்லூரி உளவியலாளர்களுக்கு அது விகாரமாகப் படுகிறது, அகற்றிவிடுகிறார்கள். அவள் அழுதுகொண்டு உட்காரவில்லை. மற்ற மாணவர்களையும் அதற்குள் படுக்க வைத்து, அவர்களுக்கும் மனம் அமைதியாகிறதா என்று குறித்துவைத்து, ஆய்வாகவே செய்து காட்டுகிறாள்.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். ஆட்டிசத்துக்கு நம் அரசுத் தமிழில் ஒரு நீண்ட பெயர் உண்டு: ‘புற உலகச் சிந்தனையற்ற மதியிறுக்கம்’. படிவங்களில் இன்னும் தென்படுகிற பெயர். முதல் தடவை அதைப் படித்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. என் பிள்ளைக்கு வெளியுலகம் பற்றிய நினைப்பே கிடையாது என்றுதான் அதற்குப் பொருள் எடுத்துக்கொண்டேன். வேறு எப்படி எடுத்துக்கொள்ள முடியும்? அந்தப் பெயரை நம்பிச் சில வருடங்களை வீணாக்கிவிட்டேன். கூப்பிட்டால் திரும்பாதவள் எதையும் கவனிக்கவில்லை என்று நினைத்து, அவள் முன்னாலேயே அவளைப் பற்றிப் பேசினேன்.

இந்தப் படம் அந்தப் பெயரைத் தலைகீழாகப் புரட்டிப் போடுகிறது. தான் படங்களாகத்தான் யோசிப்பதாக டெம்பிள் தொடக்கத்திலேயே சொல்கிறாள். நாம் ‘செருப்பு’ என்றால் ஒரு சொல்லைக் கேட்கிறோம். அவளுக்கோ இதுவரை பார்த்த காலணிகள் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகக் கண்முன் ஓடுகின்றன. மின்விசிறியின் இரைச்சல், தானாகத் திறந்து மூடும் கடைக் கதவு, சாப்பாட்டுக் கூடத்தின் சலசலப்பு எல்லாம் அவள் காதிலும் கண்ணிலும் எப்படி வந்து அறைகின்றன என்பதை இயக்குநர் நம் காதிலும் கண்ணிலும் ஏற்றிவிடுகிறார். புற உலகம் அவளுக்கு இல்லாமல் இல்லை. அளவுக்கு மீறி உள்ளே வருகிறது. என் மகள் பள்ளி மணி அடித்ததும் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவது அதனால்தான்.

அவள் முன்பு படித்த ஒரு பள்ளியில் மின்சார மணி அவள் வகுப்பு ஜன்னலுக்கு நேர் மேலே இருந்தது. ஒவ்வொரு பாடவேளை முடியும்போதும் ஓடுவாள். “திமிர் புடிச்ச புள்ளம்மா உங்க புள்ள” என்றார் ஆசிரியை. கடைசியில் மணி அடிக்கும் நேரத்துக்கு வகுப்புக் கதவைத் தாழ் போட ஆரம்பித்தார்கள். அவர் கெட்டவர் இல்லை. நாற்பது பிள்ளைகளை ஒற்றை ஆளாகச் சமாளித்துக்கொண்டிருந்தார். மணிக்கும் ஓட்டத்துக்கும் உள்ள தொடர்பை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை, அவ்வளவுதான்.

டெம்பிள் மாட்டுத் தொழிலுக்குள் நுழைந்தபோது அங்கிருந்த ஆண்கள் மாடுகளைப் பற்றி இதையேதான் சொன்னார்கள்: மிரளும், அடம் பிடிக்கும், மின்கோலால் குத்தினால்தான் நகரும். அவள் குனிந்து, மாடு போகிற அந்தக் குறுகலான நடைபாதைக்குள் தானே போய், மாட்டின் கண் உயரத்தில் இருந்து பார்த்தாள். ஒரு சங்கிலி தொங்கி ஆடிக்கொண்டிருந்தது. வேலியில் யாரோ ஒரு சட்டையைப் போட்டிருந்தார்கள். தரையில் வெயிலும் நிழலும் பட்டை பட்டையாக விழுந்திருந்தன. மாடு நின்றது இவற்றுக்காகத்தான். சங்கிலியைக் கழற்றிவிட்டால் மாடு தானாக நடக்கும். வந்த வழியே திரும்பிப் போகப் பார்க்கும் மாட்டின் இயல்பை வைத்து வளைவான பாதைகளை வரைந்தாள். சுவரை மறைப்பாக வைத்ததால் வெளியே நடமாடும் ஆட்களைப் பார்த்து மாடு மிரளவில்லை. வட அமெரிக்காவின் இறைச்சிக்கூடங்களில் ஏறத்தாழப் பாதி மாடுகள் அவர் வடிவமைத்த அமைப்புகளின் வழியாகத்தான் போகின்றன என்று சொல்லப்படுகிறது.

பிள்ளைகளை மாட்டோடு ஒப்பிடுகிறேன் என்று கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்த ஒப்பீட்டைத் தன் வாழ்நாள் முழுக்கச் செய்து வருபவர் டெம்பிளேதான். பயம்தான் தன்னை ஆளும் உணர்ச்சி, மாட்டுக்கும் அப்படித்தான் என்று அவர் பல இடங்களில் சொல்லியிருக்கிறார். நான் கேட்பது ஒன்றுதான்: நம் வகுப்பறைகளிலும் யாராவது ஒருவர் குனிந்து, பிள்ளையின் கண் உயரத்தில் இருந்து ஒருநாள் பார்க்க வேண்டும். எங்கே அந்தச் சங்கிலி தொங்குகிறது என்று. ஆசிரியர்களுக்கு முதலில் காட்டுங்கள் என்பது இதற்காகத்தான்.

படத்தில் அப்படிப் பார்த்த ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். வில்லியம் கார்லாக். நியூ ஹாம்ப்ஷயரில் டெம்பிள் தங்கிப் படித்த பள்ளியின் அறிவியல் ஆசிரியர், அதற்கு முன் நாசாவில் வேலை பார்த்தவர். டேவிட் ஸ்ட்ராதெய்ர்ன் நடித்திருக்கிறார். அந்த மனிதர் அந்தப் பெண்ணைப் பார்க்கிற பார்வைக்காகவே இந்தப் படத்தைப் பார்க்கலாம். ஓர் அறை, அதில் ஒரு மூலையில் நிற்பவர் ராட்சசராகவும் மறு மூலையில் நிற்பவர் குள்ளராகவும் தெரிவார்கள். எப்படி என்று கண்டுபிடி பார்க்கலாம் என்று அவளிடம் விடுகிறார். விடையைச் சொல்லவில்லை. அவள் நாள்கணக்கில் அட்டையும் பசையுமாக அலைந்து செய்து முடிக்கிறாள். பிரெஞ்சுப் பாடமும் அல்ஜீப்ராவும் வராத பெண் என்று மற்றவர்கள் பார்த்தபோது அவர் கண்ணில் பட்டது வேறு. புது இடத்துக்குப் போகப் பயந்தவளிடம், அதை ஒரு கதவு என்று நினைத்துக்கொள், திறந்துகொண்டு போ என்கிறார். படங்களாக யோசிக்கிறவளுக்குப் படமாகவே தைரியம் சொல்கிறார். இதைவிட நல்ல ஆசிரியப் பயிற்சி வகுப்பு எனக்குத் தெரியாது.

டெம்பிளின் அம்மாவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். யூஸ்டேசியாவாக ஜூலியா ஆர்மண்ட். தாயின் அன்புக் குறைவால்தான் பிள்ளைக்கு இப்படி ஆகிறது என்று மருத்துவர்களே நம்பிய காலம் அது. மருத்துவர் அதைச் சுற்றிவளைத்துச் சொல்லும்போது அந்த அம்மாவின் முகம் போகிற போக்கை என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. இங்கே வார்த்தை மட்டும்தான் மாறியிருக்கிறது. “போனைக் குடுத்து வளர்த்தீங்களா?”, “வேலைக்குப் போயிட்டீங்களா, அதான்.” எத்தனை காத்திருப்பு அறைகளில் இதைக் கேட்டிருக்கிறேன். எம்மி விருது மேடையில் ஏறிய டெம்பிள், அரங்கில் உட்கார்ந்திருந்த தன் அம்மாவை எழுந்து நிற்கச் சொன்னார். மாட்டுப் பண்ணைக்காரர் போடுகிற சட்டையோடு மேடையில் நிற்கிறார் மகள். கீழே எழுந்து நிற்கிறார் அம்மா. அந்த ஒரு நிமிடக் காட்சியை நான் அடிக்கடி எடுத்துப் பார்ப்பேன்.

உங்களுக்கு எழக்கூடிய தயக்கங்களும் எனக்குத் தெரியும். படத்தில் இறைச்சிக்கூடம் வருகிறது, மாடு சாகிறது. சின்னப் பிள்ளைகளுக்கு வேண்டாம். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் காட்டலாம். மாட்டிறைச்சி என்றதும் யாராவது பிரச்சினை செய்வார்கள் என்று பயந்து ஒதுக்கிவிட வேண்டாம். இயற்கை கொடியதுதான், நாம் கொடியவர்களாக இருக்க வேண்டியதில்லை என்று அதில் அவள் சொல்கிற வார்த்தை, ஆடு மாடு வளர்க்கிற வீட்டுப் பிள்ளைகளுக்கு நம்மைவிட நன்றாகவே புரியும். மொழி இன்னொரு தடை. உரிமையாளர்களிடம் அனுமதி வாங்கித் தமிழில் குரல் கொடுங்கள். வசன வரி மட்டும் போட்டால், வேகமாக வாசிக்க வராத பிள்ளைகள் வெளியே நின்றுவிடுவார்கள். இந்தப் படத்தில் அவர்களை வெளியே நிறுத்துவது நியாயமில்லை.

இன்னொன்று எனக்கே இருக்கும் தயக்கம். டெம்பிளுக்கு வசதியான குடும்பம். வீட்டில் பிள்ளையோடு ஓயாமல் விளையாட ஓர் ஆள், பேச்சுப் பயிற்சி, தனியார் உறைவிடப் பள்ளி எல்லாம் கிடைத்தன. 1970இல் உளவியலில் பட்டம், 1989இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் என்று போன பாதைக்கு அடியில் அந்தப் பணமும் இருக்கிறது. நூறு நாள் வேலைக்குப் போகிற அம்மாவுக்கு அது கிடையாது. அவள் பிள்ளைக்குக் கிடைக்கக்கூடிய கார்லாக், அரசுப் பள்ளி ஆசிரியர் மட்டும்தான். அதோடு, ஆட்டிசம் உள்ள எல்லோரும் டெம்பிள் மாதிரி பேசப்போவதும் இல்லை, பேராசிரியர் ஆகப்போவதும் இல்லை. என் மகள் இப்போது மூன்று நான்கு சொற்களைச் சேர்த்துப் பேசுகிறாள். அதற்கு மேல் வருமோ வராதோ. ஆகவே ‘ஊனத்தை வென்ற சாதனைப் பெண்’ என்று பேனர் அடித்துப் படத்தைப் போடாதீர்கள். டெம்பிள் ஆட்டிசத்தை வெல்லவில்லை. அதோடுதான் வேலை செய்தார். அந்த மூளை இல்லாவிட்டால் அந்தச் சங்கிலி அவர் கண்ணிலேயே பட்டிருக்காது.

பெண் பிள்ளைகள் பற்றியும் ஒரு வார்த்தை. 1943இல் குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் ஆட்டிசத்தை விவரித்து எழுதிய முதல் கட்டுரையில் இருந்த 11 குழந்தைகளில் 3 பேர்தான் பெண்கள். அப்போதிருந்தே இது ஆண் பிள்ளைகளின் விஷயம் என்ற நினைப்பு ஊறிவிட்டது. அமைதியாக ஒதுங்கி உட்காரும் பெண்ணை ‘கூச்ச சுபாவம்’ என்று விட்டுவிடுகிறோம். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசமும் உண்டு என்றாலும், கண்ணில் படாத பிள்ளைக்குச் சட்டம் எப்படிப் போய்ச் சேரும்? ஒரு பெண்ணின் வாழ்க்கையாக இந்தப் படம் இருப்பது அதனாலும் முக்கியம்.

அந்த நீண்ட பெயரை மாற்றுவது உங்கள் துறையின் கையில் மட்டும் இல்லை என்று அறிவேன். படத்தைப் பார்த்த பிறகு, மாற்றக்கூடியவர்களிடம் நீங்கள் பேச வேண்டும். ‘ஆட்டிசம்’ என்றே எழுதுங்கள், எங்களுக்குப் புரிகிறது.

திரையிடும் நாளைப் பற்றிச் சில சின்ன விஷயங்கள். ஒலிபெருக்கியின் சத்தத்தை வழக்கத்தைவிடக் குறைத்து வையுங்கள். அறையை முழு இருட்டாக்காமல் ஓரத்தில் ஒரு விளக்கை எரியவிடுங்கள். எங்கள் பிள்ளைகளில் சிலர் நடுவில் எழுந்து நடப்பார்கள், ஒரே காட்சிக்குத் திரும்பத் திரும்பச் சிரிப்பார்கள், கையை உதறுவார்கள். உட்காரச் சொல்ல வேண்டாம். கதவோரம் ஒரு பாய் விரித்திருந்தால் நல்லது. படம் முடியும்வரை அந்தக் கதவுக்குத் தாழ் போட வேண்டாம்.

நன்றியுடன்,
ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தியின் அம்மா