சுவரில் மூன்று எண்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவை நீர்நிலைகளைப் பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையில், கரையோரவாசிகளுக்கு 'உருப்படியாக ஒரு வீடு கட்டிக்கொள்ளும் அக்கறையே இல்லை' என்று ஒரு வரி இருந்தது. முப்பது ஆண்டுகளாகச் சந்தா கட்டி வருபவனுக்குத் தாங்கள் செய்த மரியாதையாக அதை எடுத்துக்கொள்கிறேன்.

என் தகப்பனார் பஞ்சாலை வேலைக்கு வந்து, ஓடைப் புறம்போக்கில் குடிசை போட்டவர். இன்று எங்கள் வீட்டுச் சுவர் ஹாலோ பிளாக், கூரை சிமெண்ட் அட்டை. கற்களுக்கு இடையே சிமெண்டுக்குப் பதிலாகச் செம்மண் வைத்திருப்பது சோம்பலால் அன்று. இடிக்க வருகிறார்கள் என்றால் ஒரே பகலில் முழுசாகப் பிரித்து எடுத்துக்கொண்டு போகலாம் என்ற கணக்கால். 1996 தேர்தலின்போது பட்டா நிச்சயம் என்று தெருவே நம்பியது. மனைவியின் தோட்டை அடகு வைத்து முன்புறம் இரண்டு கான்கிரீட் தூண் எழுப்பினேன். அவற்றின் உச்சியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பியில் இப்போது துணி காய்கிறது. கணக்கெடுக்க வந்தவர்கள் சுவரில் சிவப்பு மையால் எழுதிய எண்கள் மூன்று ஆகிவிட்டன: 41, 117, 63. எது செல்லும் என்று கேட்டால், அடுத்த கணக்கெடுப்பில் தெரியும் என்கிறார்கள்.

தாங்கள் அறியாததல்ல, 1905-ஆம் ஆண்டு நில ஆக்கிரமிப்புச் சட்டப்படி தரப்படும் 'பி மெமோ' எங்களை ஆக்கிரமிப்பாளர் என்று சொல்லும் தாள். அதைத்தான் நாங்கள் இங்கே வாழ்ந்ததற்கு அத்தாட்சியாக லேமினேட் செய்து பீரோவில் பூட்டி வைத்திருக்கிறோம்.

அனுமதியில்லாத மனைப்பிரிவுகளில் 2016 அக்டோபர் 20-க்குள் பத்திரம் பதிந்தவர்களுக்கு, கட்டணம் வாங்கிக்கொண்டு வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. என்றைக்காவது வரும் என்ற தைரியத்தில் அவர்கள் முன்பே மாடி கட்டியிருந்தார்கள். அவர்களைத் தங்கள் இதழ் 'மனை உரிமையாளர்கள்' என்றே எழுதியது. சீர்மிகு நகர (ஸ்மார்ட் சிட்டி) பட்டியலில் 2016 ஜனவரியில் கோவை இடம்பெற்ற பின் குளக்கரைகளில் அழகான நடைபாதைகள் வந்தன, மகிழ்ச்சி. கரைகளில் இருந்தவர்கள் வீடு இழந்து, ஊருக்கு வெளியே கீரணத்தத்திலும் மலுமிச்சம்பட்டியிலும் உள்ள மாற்றுக் குடியிருப்புகளுக்குப் போனதைப் பார்த்த பிறகு, எங்கள் தெருவில் ஒழுகும் அட்டையைக்கூட எவரும் மாற்றவில்லை. மாற்றுவதற்குக் காசு இல்லாமல் இல்லை.

அந்த வரிக்குத் திருத்தம் போடுங்கள் என்று கேட்கும் அளவுக்கு நான் பெரிய மனிதன் அல்லன். அந்த மூன்று எண்களில் எது எங்களுடையது என்று மட்டும் தங்கள் நிருபர் விசாரித்து வெளியிட்டால், மற்ற இரண்டின்மேல் சுண்ணாம்பு அடித்துக்கொள்வேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளி,
சிங்காநல்லூர், கோவை.