கல்லைத் திருப்பி வச்சா சண்டை தீந்துருமா?

ஆசிரியர் அண்ணாச்சிக்கு வணக்கம்.

தாமிரபரணிக் கரையில ஒரு ஊர்ல இருக்க சின்ன மியூசியத்துக் கல்வெட்டை எங்களுக்குத்தான் தரணும்னு ரெண்டு ஊர்க்காரங்க மனு குடுத்துருக்காவன்னு போன வாரம் உங்க பேப்பர்ல நாலு வரி வந்துருந்துச்சு. நாலு வரியில அடங்குற விஷயமா அது, அதான் எழுதுதேன். ஊர்ப் பேரை நான் சொல்லப் போறதில்ல, ஏற்கெனவே ரெண்டு பக்கமும் கொதிச்சுப் போய்க் கெடக்காவ, எங்க பேரை ஏன் ரெண்டாவதா போட்டேன்னு அதுக்கு ஒரு மனு வந்துரும். மேலூர், கீழூர்னு வச்சுக்கிடுவோம்.

அக்கா பசங்க ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு ஒரு ஞாயித்துக்கிழமை அந்த மியூசியத்துக்குப் போயிருந்தேன். மியூசியம்னதும் பெருசா நெனச்சுராதீங்க, பழைய சத்திரத்துக் கட்டடத்துல ரெண்டு ரூம்பு, டிக்கெட்டு கெடையாது, ஒரு நோட்டுல பேரும் ஊரும் எழுதிட்டு உள்ள போவ வேண்டியதுதான். மரக்கால், நாழி, உழக்கு, கமலைச் சால், அரிக்கேன் லைட்டு, கும்பினிக் காசு, கரையான் தின்னது போக மிச்சம் கெடக்க ஓலைச்சுவடி, எல்லாம் ஊர்க்காரங்க மச்சுலேருந்து எறக்கிக் குடுத்ததுதான். பாத்துக்கிடுதவரு ஒரு ரிட்டயர்டு வாத்தியாரு, சம்பளம் ஒண்ணும் கெடையாது, ஆனா ஒவ்வொரு சாமானுக்கும் கீழ அது எந்தத் தெரு, யாரு வீடு, யாரு குடுத்தா, எந்த வருஷம் குடுத்தான்னு அட்டையில அழகா எழுதி வச்சிருக்காரு. கோடிக்கணக்குல செலவு பண்ணின எடத்துல கூட சில சமயம் "மண்பானை"ன்னு மட்டும் எழுதி விட்டுருக்கதைப் பாத்துருக்கேன், எங்கேருந்து வந்த பானைன்னு நாமதான் சோசியம் பாக்கணும். அந்த வகையில இவரு எவ்வளவோ மேல்.

ரெண்டாவது ரூம்பு மூலையில இடுப்பு உசரத்துக்கு ஒரு கல்லு நிக்கி. அட்டை கெடையாது. பெரிய பய சுத்திச் சுத்திப் பாத்துட்டு "மாமா, இதுல ஒண்ணுமே இல்லியே"ன்னான். எழுத்து இருக்க பக்கம் செவத்தைப் பாத்து நிக்கி, அதான் ஒண்ணும் இல்ல. நம்மூர்ல கல்வெட்டுக் கல்லைத் துணி தொவைக்கப் போட்டுருப்பாவ, படிக்கட்டாப் போட்டுருப்பாவ, மாட்டுத் தொழுவத்துல போட்டுருப்பாவ, அதெல்லாம் தெரியாமச் செஞ்சது. மியூசியத்துக்குள்ள கொண்டாந்து வச்சுட்டு, தெரிஞ்சே எழுத்தை மறைச்சு வச்சதை நான் இங்கதான் பாக்கேன்.

வாத்தியாருகிட்ட கேட்டேன். "நான் என்ன செய்ய தம்பி, மேலேருந்து சொல்லிட்டாவ, ரெண்டு ஊரும் சமாதானம் ஆவற வரைக்கும் திருப்பி வையுங்கன்னு"ன்னாரு. கதை என்னன்னா, கொஞ்ச வருஷத்துக்கு முந்தி வாய்க்கால் தூர் வாரும்போது ஜேசிபியில மாட்டி வந்த கல்லு இது. கரையில தூக்கிப் போட்டாவ, கொஞ்ச நாள் கெடந்துச்சு, யாரோ எழுத்தைப் பாத்துட்டு டிராக்டர்ல ஏத்தி மியூசியத்துக்குக் கொண்டாந்துட்டாவ. அதுல வாய்க்காலு, தண்ணிப் பங்கு பத்தி என்னமோ இருக்குன்னு தெரியுது, ஆனா ஊர்ப் பேரு வர வேண்டிய எடத்துல மூலை ஒடஞ்சு போச்சு. அவ்வளவுதான், அந்த ஒடஞ்ச எடத்துல மேலூர்க்காரன் அவன் ஊர்ப் பேரை வச்சுப் படிக்கான், கீழூர்க்காரன் அவன் ஊர்ப் பேரை வச்சுப் படிக்கான். கல்லு எங்க மடையில நின்னதுன்னு இவன் சொல்லுதான், எங்க மடையில நின்னதைத்தான் வெள்ளம் உருட்டிக்கிட்டு வந்துச்சுன்னு அவன் சொல்லுதான். இதுக்குள்ள சாதிப் பேச்சும் நொழைஞ்சிருச்சு, நம்ம ஜில்லாவைப் பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா.

மொதல்ல ஒண்ணு தெளிவாப் பேசிருவோம். இந்தக் கல்லை எந்த ஊருக்குக் குடுத்தாலும் அந்த ஊர் மடையில ஒரு இஞ்சு தண்ணி கூடக் கூடப் போறதில்ல. கன்னடியன் கால்வாயோ கோடகன் கால்வாயோ, எந்தக் கால்வாயா இருந்தாலும் இன்னைக்கித் தண்ணி தொறக்கது பாபநாசம் அணையில எவ்வளவு கெடக்குன்னு பாத்து, கார் சாகுபடிக்கு எப்ப, பிசான சாகுபடிக்கு எப்பன்னு அரசாங்கம் உத்தரவு போட்டு. எந்த ராசா காலத்துக் கல்லையும் கொண்டு போய் ஷட்டர் முன்னால வச்சா யாரும் தொறந்து விடப் போறதில்ல. ரெண்டு ஊர்ப் பெரியாளுகளுக்கும் இது தெரியாமலா இருக்கும், தெரியும், ஆனா கூட்டத்துல மொதல்ல எறங்கிப் பேசுனவன் தோத்தவன்னு ஆயிருமேன்னு ஒருத்தரும் வாயைத் தொறக்க மாட்டேங்காவ.

அப்போ கல்லுக்கு மதிப்பு எங்க இருக்கு? எழுத்துல பாதி, அது கெடந்த எடத்துல பாதி. வாத்தியாரு உழக்குக்கெல்லாம் அட்டை எழுதினவரு, இந்தக் கல்லு எந்த மடைக்கு மேக்க, எந்தக் கரையில, எவ்வளவு ஆழத்துல கெடந்துச்சுன்னு எழுத அவருக்கு ஆளே கெடைக்கல. கொண்டாந்து எறக்கினவங்க கரையில கெடந்ததைத்தான் பாத்தாவ, வாய்க்காலுக்குள்ள எங்க கெடந்துச்சுன்னு பாத்தது ஜேசிபி ஓட்டின டிரைவரும் கூட நின்ன ஆளுகளும் மட்டுந்தான். மனு குடுத்தவன் எத்தனை பேரு, கூட்டம் போட்டவன் எத்தனை பேரு, அந்த டிரைவரை ஒருத்தராவது கூப்பிட்டு "ஏ தம்பி, எந்த எடத்துல பக்கெட்டுல மாட்டுச்சு, குப்புறக் கெடந்துச்சா நின்னுச்சா"ன்னு கேட்டாவளா? கேக்கல. கான்டிராக்ட் எடுத்தவங்ககிட்ட போன் போட்டா இன்னைக்கிச் சாயங்காலமே ஆளைப் பிடிச்சுரலாம். இன்னும் அஞ்சாறு வருஷம் போச்சுன்னா அவனுக்கும் மறந்துரும், அதுக்கப்புறம் காலத்துக்கும் அடிச்சுக்கிட்டே கெடக்க வேண்டியதுதான்.

எடத்தைக் குறிச்சு வைக்கது ஏன் முக்கியம்னு கேட்டா தூரமாப் போவ வேண்டாம், நம்ம ஆதிச்சநல்லூர் பரம்பைப் பாருங்க, பழைய காலத்து ஆளுகளைத் தாழியில வச்சுப் பொதைச்ச மேடு. 1876-ல ஜாகோர்னு ஒரு ஜெர்மன்காரர் தோண்டி பெர்லினுக்குக் கொண்டு போனாரு. பொறவு 1899-லேருந்து 1905 வரைக்கும் அலெக்சாண்டர் ரியா தோண்டினாரு, அவரு எடுத்த தங்க நெத்திப் பட்டம், வெண்கலச் சாமான் எல்லாம் எழும்பூர் மியூசியத்துக்குப் போச்சு. நம்ம சாமானை மெட்ராசுக்குக் கொண்டு போய்ட்டாவளேன்னு எங்க தாத்தா காலத்துலேருந்தே கொறைதான், எனக்கும் அந்தக் கொறை உண்டு. ஆனா ரியா ஒரு நல்ல காரியம் செஞ்சுட்டுப் போனாரு, என்னென்ன எடுத்தாருன்னு எழுதி வச்சாரு, 1915-ல அது கேட்டலாக்கா புஸ்தகமாவே வந்துருச்சு. சாமானு எங்க இருந்தாலும் இது ஆதிச்சநல்லூர் சாமானுன்னு யாரும் இல்லன்னு சொல்ல முடியாது. இப்ப 2023-லேருந்து அங்க பரம்புலயே குழிக்கு மேல கண்ணாடி போட்டு, தாழி கெடந்த எடத்துலயே கெடக்க மாதிரி பாக்க வச்சிருக்காவ. பசங்களை அங்கயும் கூட்டிட்டுப் போனேன், கண்ணாடி மேல நிக்க சின்னவன் பயந்துட்டான், அது வேற கதை.

கல்லிடைக்குறிச்சி நடராசரும் அப்படித்தான். 1982-ல குலசேகரமுடையார் கோயில்லேருந்து களவு போன சிலை, ஆஸ்திரேலியாவுல அடிலெய்டு மியூசியத்துல காசு குடுத்து வாங்கி வச்சிருந்தாவ, 2019-ல திரும்பி வந்துச்சு, ஊரே மேளதாளத்தோட போய்க் கூட்டியாந்துச்சு, உங்க பேப்பர்லயும் போட்டீங்க. "எங்க சாமி, எங்க சாமி"ன்னு கத்தினா மட்டும் அந்த மியூசியம் குடுத்துருக்குமா? பாண்டிச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிடியூட்காரங்க முன்னாடியே கோயில்ல வச்சு எடுத்துருந்த போட்டோ மாதிரி ஆதாரத்தைக் காட்டித்தான் வாங்க முடிஞ்சுது. நம்ம ரெண்டு ஊர்க்காரங்க கையிலயும் ஒரு போட்டோ கெடையாது, தொண்டை மட்டுந்தான் இருக்கு.

அடுத்தது எழுத்து. இது எந்தக் காலத்து எழுத்துன்னே ரெண்டு தரப்புக்கும் ஒத்துக்கிடல, வட்டெழுத்துன்னு (அந்தக் காலத்துல தமிழை வளைவு வளைவா எழுதுன எழுத்து) ஒருத்தன், இல்லன்னு ஒருத்தன். பாண்டிய நாட்டுல ராசராச சோழன் வந்து பிடிக்கிற வரைக்கும் வட்டெழுத்துதான் பெரும்பாலும் நடந்துச்சு, பொறவுதான் தமிழெழுத்து மேல வந்துச்சு, அதனால எந்த எழுத்துங்கதை வச்சே காலத்தை ஓரளவுக்குப் பிடிக்கலாம். ஆனா அதைச் சொல்ல வேண்டியது படிக்கத் தெரிஞ்சவங்க, சுண்ணாம்புக்கட்டியைத் தேச்சு செல்போன்ல போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல சுத்த விடுதவங்க இல்ல. தயவுசெஞ்சு கல்லுல சுண்ணாம்பு தேய்க்காதீங்கய்யா, எழுத்தே இல்லாத கீறல் கூட எழுத்தா நிக்கும். மைப்படி எடுக்கணும். கல்லைக் கழுவி, ஈரப் பேப்பரை மேல ஒட்டி, பிரஷ்ஷால தட்டித் தட்டி எழுத்துக்குள்ள எறக்கி, மேல மையை ஒத்தினா பேப்பரு கறுத்து எழுத்து மட்டும் வெள்ளையா நிக்கும், ஒடஞ்ச மூலையில அரைகுறையாத் தெரியுற கோடு கூடத் தெரியும். ஒரு காலையில முடியுற வேலை. மைசூர்ல மத்திய அரசு கல்வெட்டு ஆபீசுல கெடந்த தமிழ் மைப்படியெல்லாம் சென்னைக்குக் கொண்டு வரணும்னு 2021-ல மதுரை ஐகோர்ட்டு வரைக்கும் போய் உத்தரவு வாங்கினோம், நம்ம பக்கத்துக் கல்லுக்கு ஒரு மைப்படி எடுக்க நாதி இல்ல.

கூட்டம் எப்படி நடந்துச்சுன்னு வாத்தியாரு சொன்னதைக் கேட்டா சிரிப்பாணிதான் வந்துச்சு. மைப்படி எடுப்போம்னா ஒரு தரப்பு வேண்டாங்கு, பாளையங்கோட்டை கவர்மென்ட் மியூசியத்துல வைப்போம்னா இன்னொரு தரப்பு வேண்டாங்கு, ஆறு மாசம் இங்க ஆறு மாசம் அங்கன்னா ரெண்டு பேருமே வேண்டாங்காவ. நம்ம சங்கரன்கோவில் ரோட்டுல மானூர் இருக்குல்லா, அங்க கோயில்ல ஒரு கல்வெட்டு இருக்கு, மாறஞ்சடையன்னு பாண்டிய ராசா காலம், ஆயிரத்து இருநூறு வருஷம் பழசு, ஊர்ச் சபையில யாரு உக்காரலாம்னு வெதிமுறை எழுதினது. உத்திரமேரூர் கல்வெட்டைத்தான் எல்லாரும் பேசுதாவ, மானூர் அதுக்கு நூறு வருஷம் மூத்தது. அதுல என்ன இருக்குன்னா, சபையில எது சொன்னாலும் வேண்டாம் வேண்டாம்னு முட்டுக்கட்டை போடுறவனுக்கு அஞ்சு காசு அபராதம். அந்த வெதி இன்னைக்கி இருந்தா அந்த ஒத்தைக் கூட்டத்து வசூலை வச்சே மியூசியத்துக்கு ஒரு ஃபேன் மாட்டிருக்கலாம்.

என் அபிப்பிராயம், கல்லு இப்ப இருக்க எடத்துலயே இருக்கட்டும். ஆனா முன்பக்கம் முன்னால பாத்து நிக்கணும். பக்கத்துல அட்டை வைக்கணும், அதுல மேலூர்க்காரங்க சொல்லுதது இது, கீழூர்க்காரங்க சொல்லுதது இது, டிரைவர் சொன்ன எடம் இது, படிச்சவங்க படிச்சது இவ்வளவு, இந்த மூலை ஒடஞ்சிருக்கு, இங்க ஊர்ப் பேரு தெரியலன்னு உள்ளதை உள்ளபடி எழுதணும். தெரியலன்னு எழுதுனா மியூசியத்துக்கு என்ன மானக்கேடு? மறைச்சு வச்சதுனாலதான் ஆளாளுக்கு அதுல இல்லாததெல்லாம் இருக்குன்னு சொல்லுதான். பாளையங்கோட்டைக்கோ ரெட்டியார்பட்டி பொருநை மியூசியத்துக்கோ கொண்டு போனா பத்திரம்னு சில பேரு சொல்லுதாவ, பத்திரம்தான், ஆனா அந்த வாய்க்கால்ல குளிக்க பய ஒருத்தன் சைக்கிள்ல போய்ப் பாத்துட்டு வர முடியுமா? மைப்படியும் போட்டோவும் அங்க போவட்டும், கல்லு இங்க இருக்கட்டும்.

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள், நிருபரை ஒரு நடை அனுப்புங்க, வாத்தியாரைக் கஷ்டப்படுத்தாம அனுமதி வாங்கி அந்த எழுத்துப் பக்கத்தைப் போட்டோ எடுத்து நல்லாத் தெரியுற மாதிரி பெருசாப் போடுங்க. அந்த டிரைவரையும் தேடிப் பிடிக்கச் சொல்லுங்க, அவரு எடத்தைக் காட்டணும்னா வாய்க்கால் காஞ்சு கெடக்கணும், ஜூன் மாசம் கார் சாகுபடிக்குத் தண்ணி தொறந்துட்டா பொறவு ஒண்ணும் பாக்க முடியாது, அதுக்கு முன்னாடியே போயிருங்க.

இப்படிக்கு
உங்க வாசகர்,
அம்பாசமுத்திரம் பக்கம்.