ரயில் போகுது என்று சொன்னவளுக்கு

அன்புள்ள பெரியவளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சுகம். ரங்கூனில் மழை பிடித்துக்கொண்டது, கூரையில் இரண்டு இடத்தில் ஒழுகுகிறது, வேறொன்றும் இல்லை.

நீ பார்க்கச் சொன்ன ஜப்பான் படத்தை, அதுதான் 'கிரேவ் ஆஃப் தி ஃபயர்ஃப்ளைஸ்', தம்பி போனில் போட்டுக் கொடுத்தான். கரண்ட் வந்த நேரத்தில் சார்ஜ் ஏற்றி இரண்டு நாளில் பார்த்து முடித்தேன். கார்ட்டூன்தானே என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். நீ வேலைக்குப் போக ரயில் மாறுகிற அதே சன்னோமியா ஸ்டேஷனில்தான் அந்தப் பையன் சாகிறான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

அப்பத்தா இருந்திருந்தால் என்னைத் திட்டியிருப்பார். 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூனில் ஜப்பான் குண்டு விழுந்தபோது அவருக்கு ஆறு வயது. சாகும்வரை 'சப்பான்காரன் காலம்' என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தவர். "சப்பான்காரன் பிள்ளைக்கா அழுகிறாய்?" என்று கேட்டிருப்பார். கேட்டுவிட்டு அவரும் பக்கத்தில் உட்கார்ந்து அழுதிருப்பார்.

எல்லோரும் அந்தச் சின்னக்குட்டி செட்சுகோவுக்காக அழுவார்கள். நாலு வயசு, மிட்டாய் டப்பாவைக் கட்டிக்கொண்டு அலைகிறாள். என் கண் முழுக்க அண்ணன் மேல்தான். பதினாலு வயசுப் பையன். குண்டுவீச்சில் தாய் உடம்பெல்லாம் வெந்து கிடக்கிறாள். அதைப் பார்த்துவிட்டு வந்தவன் தங்கையிடம் சொல்லவில்லை. அவள் குந்தி உட்கார்ந்து அம்மா வேண்டும் என்று அழ, அவன் பள்ளி மைதானத்துக் கம்பியில் தொங்கிக் குட்டிக்கரணம் போடுகிறான், திரும்பத் திரும்ப. அவள் அழுகையை நிறுத்தவே இல்லை. அங்கே நான் படத்தை நிறுத்திவிட்டேன்.

அடைக்கலம் கொடுத்த அத்தையைக் கல்நெஞ்சக்காரி என்று தம்பி திட்டினான். தாயின் கிமோனோவை அரிசிக்கு விற்கச் சொல்கிறாள், கஞ்சியில் கெட்டியானதைத் தன் வீட்டாருக்கு ஊற்றுகிறாள். சரி, நல்லவள் இல்லைதான். ஆனால் அளந்து போடுகிற கை எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அந்தக் கதையை எழுதிய நோசாகா நிஜமாகவே தங்கையைப் பசியில் பறிகொடுத்தவராம். கதையில் வருகிற அண்ணன் அளவுக்குத் தான் நல்லவனாக இருக்கவில்லை என்று பின்னால் வருந்தினாராம். அதைக் கேட்ட பிறகு எனக்கு உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருப்பது உறைத்தது.

2008 நர்கிஸ் புயல். மே 2 ராத்திரி. அப்பா மோல்மீனில், போன் லைன் செத்துப்போயிருந்தது. உனக்குப் பத்து வயசு, தம்பிக்கு மூன்று. தகரத்தைக் காற்று பிய்த்த சத்தத்தில் அவன் அலறினான். நீ அவனைப் போர்வைக்குள் இழுத்து, "மாண்டலே ரயில் போகுதுடா" என்றாய். "நம்ம வீட்டுக்கிட்ட நிக்குமா?" என்று கேட்டான். "நிக்காது, இது எக்ஸ்பிரஸ்" என்றாய். நான் கதவை முதுகால் தாங்கிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்கடுத்த வாரம் அரிசிக்கு வரிசை, தண்ணீருக்கு வரிசை. உன் தட்டை அப்படியே அவனிடம் தள்ளிவிட்டு, "பக்கத்து வீட்டு பர்மாக்கார அம்மா மொஹிங்கா குடுத்தாங்க, வயிறு நிறைஞ்சிருச்சு" என்றாய். அந்த அம்மா கூரை போய் இரண்டு நாளாகப் புத்த மடத்தில் இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தேன். பானையில் வேறு சோறு இல்லை. பொய்யை நம்பியது போல இருந்துவிட்டால் அன்றைய பொழுது கழியும். அப்புறமும் தம்பியைப் பார்த்துக்கொள்ள உன்னையே விட்டேன். நீ விளையாடப் போனதே எனக்கு நினைவில்லை. சமர்த்துப் பிள்ளை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

தம்பிக்கு ரயில் கதை ஞாபகமே இல்லை. நேற்று சொன்னேன். ஒன்றும் பேசாமல் எழுந்து போய் ஒழுகுகிற இடத்தில் பாத்திரத்தை மாற்றி வைத்தான்.

முந்தாநாள் போனில் "சாப்பிட்டேம்மா" என்றாய். என்ன சாப்பிட்டாய் என்று கேட்பதற்குள் லைன் போய்விட்டது. என்ன சாப்பிட்டாய்?

அம்மா