சங்கரனுக்கு, ஃபில்டர் வாங்கும் முன்

செங்கோட்டை

அன்புள்ள சங்கரன் வே,

இங்கே எல்லோரும் சுகம். நீரும் மதினியும் பேத்தியும் சுகந்தானே? பங்குனி உத்திரத்துக்கு அப்புறம் உமக்கு ஒரு வரிகூட எழுதவில்லை என்று பாலுவிடம் புலம்பியிருக்கிறீர். அவனிடம் எதைச் சொன்னாலும் தென்காசி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்த்தான் வீடு திரும்பும் என்று தெரிந்தே சொல்லியிருக்கிறீர். சரி, வசவு வந்து சேர்ந்தது.

வசவோடு இன்னொரு சேதியும் சொன்னான். பேத்திக்கு இரண்டடி மீன் தொட்டி வாங்கியாயிற்றாம். பின்னால் தொங்கவிடுகிற ஃபில்டர் ஒன்று வாங்க வருகிற ஞாயிற்றுக்கிழமை கொழிஞ்சாம்பாறையிலிருந்து பாலக்காடு போகப்போகிறீராம். உள்ளே இருக்கிற கார்ட்ரிட்ஜை மாதம் ஒருமுறை தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகச் செருகினால் போதும், வேறு வேலையே இல்லை என்று கடைக்காரர் சொன்னாராம். அதைக் கேட்ட பிறகுதான் பேனாவைத் தேடி எடுத்தேன். போனில் சொல்லலாம்தான். பாதியிலேயே ‘சரி வே, சரி வே’ என்று வைத்துவிடுவீர். உம்மைத் தெரியாதா எனக்கு?

எங்கள் வீட்டில் நடந்ததை முதலில் கேளும். சீசனுக்கு மச்சினன் வந்திருந்தான். ஐந்தருவியில் ஒரு குளியல், பார்டரில் ரொட்டா, அப்புறம் பகலெல்லாம் சும்மா இருக்க முடியாத ஆள். நாங்கள் புனலூர் கல்யாணத்துக்குப் போயிருந்த நேரம் பார்த்து என் ஃபில்டரைக் கழற்றியிருக்கிறான். ஸ்பாஞ்ச், செராமிக் வளையம் எல்லாவற்றையும் குழாயடிக்குக் கொண்டுபோய், குளோரின் வாடை அடிக்கிற தண்ணீரைத் திறந்துவிட்டு, பிழிந்து பிழிந்து அலசியிருக்கிறான். நாங்கள் திரும்பி வந்தபோது அந்த ஸ்பாஞ்ச் கடையில் வாங்கிய அன்றுகூட அவ்வளவு சுத்தமாக இருந்ததில்லை. ‘என்ன அழுக்கு அத்தான், எப்படித்தான் வச்சிருந்தீங்களோ’ என்று பெருமை வேறு.

அந்த அழுக்குதான் வே ஃபில்டர். மோட்டார் தண்ணீரை உறிஞ்சித் தூக்கும், பெட்டிக்குள் தள்ளும், அது விளிம்பு வழியாக வழிந்து தொட்டிக்குத் திரும்பும். மோட்டாரின் வேலை அவ்வளவுதான். மீன் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் வருகிற அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகிறவை ஸ்பாஞ்சிலும் வளையத்திலும் ஒட்டிக்கொண்டு வாழ்கிற பாக்டீரியாக்கள். முதல் இரண்டும் விஷம். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை, வாரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் தண்ணீர் மாற்றினால் கட்டுக்குள் இருக்கும். மண்ணிலும் நீரிலும் இப்படி வேலை செய்கிற கிருமிகளை விநோகிராட்ஸ்கி என்ற ரஷ்யர் 1890-லேயே பிரித்தெடுத்துக் காட்டிவிட்டார். நம்ம கெமிஸ்ட்ரி சார் இந்தப் பெயரைச் சொல்லும்போதெல்லாம் நீர் பின்பெஞ்சில் என்ன செய்துகொண்டிருந்தீர் என்பது உமக்கே நினைவிருக்கும். புதுத் தொட்டியில் இந்தக் குடித்தனம் தழைக்க நான்கிலிருந்து ஆறு வாரம் ஆகும். குளோரின் தண்ணீரில் ஒரு அலசல் போதும், காலி.

இரண்டொரு நாளில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்க ஆரம்பித்தன. ஃபில்டரின் விழுதண்ணீர் பக்கமே ஒதுங்கி நின்றன. தீனி போட்டால் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அம்மோனியா டெஸ்ட் செய்தால், மஞ்சளாக இருக்க வேண்டிய சோதனைக்குழாய்த் தண்ணீர் பச்சையாக நிற்கிறது. தீனியை நிறுத்தினேன். வாளியில் பிடித்து, குளோரின் முறிக்கிற மருந்து விட்ட தண்ணீரைத் தினமும் பாதிக்குப் பாதி மாற்றினேன். அம்மோனியா இறங்கும்போது நைட்ரைட் ஏறும் என்பதால் கொஞ்சம் கல்லுப்பும் கரைத்து விட்டேன். உப்பிலுள்ள குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியாக ரத்தத்தில் ஏறாமல் தடுக்கும். எல்லாம் செய்தும் ஜீப்ரா டேனியோ பாதிக்கு மேல் போய்விட்டது. மச்சினன் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவனை என்ன சொல்ல? நல்லதென்று நினைத்துச் செய்தான்.

கடைசியில் கைகொடுத்தது நம்ம ஸ்டேஷன் மாஸ்டர் மகன். புனலூரில் மாடி நிறையத் தொட்டி வைத்திருக்கிறான். போன் பண்ணினேன். ‘கிளம்பி வாங்க மாமா, ஓடிக்கிட்டிருக்கிற ஃபில்டர்ல இருந்து ஒரு ஸ்பாஞ்ச் தரேன்’ என்றான். போனேன். கறுப்புச் சேறு வழிகிற ஒரு ஸ்பாஞ்சை, அவன் தொட்டித் தண்ணீரே கொஞ்சம் விட்டு, காற்றுக்கு இடம் வைத்து, பாலிதீன் கவரில் முடிந்து கொடுத்தான். காயவும் கூடாது, மூச்சு முட்டவும் கூடாது என்று கணக்கு. தென்காசி பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். புளியரை செக்போஸ்ட்டில் ஒரு போலீஸ்காரத் தம்பி ஏறினார். பாட்டில் கடத்துகிற முகம் எனக்கு இருக்கும் போலிருக்கிறது, நேராக என்னிடம்தான் வந்தார்.

‘கவர்ல என்ன பெரியவரே?’

‘அழுக்கு சார்.’

‘அழுக்கா?’

‘நல்ல அழுக்கு சார். மீனுக்கு.’

முடிச்சை அவிழ்த்து மோந்து பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் திருப்பிக் கொடுத்தார். பஸ்ஸே சிரித்தது. அந்த ஸ்பாஞ்சைப் பெட்டிக்குள் வைத்த பிறகு டெஸ்டில் பச்சை நாளுக்கு நாள் வெளுத்தது. மிச்சமிருந்த மீன்கள் பிழைத்துக்கொண்டன.

இப்போது உம்ம விஷயத்துக்கு வருகிறேன். கடைக்காரர் சொன்ன கார்ட்ரிட்ஜ், ஒரு பிளாஸ்டிக் சட்டத்தில் மெல்லிய பஞ்சு சுற்றி, நடுவில் ஒரு கை கார்பன் போட்டது. கார்பனின் உறிஞ்சும் சக்தி சில வாரத்தில் தீர்ந்துவிடும் என்பது உண்மை. அதற்காகப் பஞ்சோடு தூக்கிப் போட்டால், மச்சினன் தெரியாமல் செய்ததை நீர் மாதாமாதம் காசு கொடுத்துச் செய்வதாக ஆகும். எனவே பெட்டி காலியாக, நாமே அடுக்கிக்கொள்கிற கூடையோடு இருப்பதாகப் பார்த்து வாங்கும். தண்ணீர் முதலில் படுகிற இடத்தில் தடித்த ஸ்பாஞ்ச், அதைத் தாண்டி செராமிக் வளையம். கார்பன் அன்றாடம் தேவையே இல்லை. மீனுக்கு மருந்து போட்டு முடித்த பிறகு அதை உறிஞ்சி எடுக்க வைக்கலாம், மருந்து போடும்போது வைத்தால் மருந்தையே தின்றுவிடும். ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டால், தண்ணீர் மாற்ற எடுத்த பழைய தொட்டித் தண்ணீரிலேயே நாலு முக்கு முக்கிப் பிழிந்தால் போதும். ஸ்பாஞ்சும் வளையமும் ஒரே நாளில் வேண்டாம். வளையம் கிட்டத்தட்ட சாகாவரம் பெற்றது, உடைந்து நொறுங்கினால் ஒழிய மாற்ற வேண்டாம்.

அடுத்தது அளவு. உம்ம தொட்டி 24க்கு 12க்கு 15 அங்குலம் என்றான் பாலு. முழுக்க நிரப்பினால் 70 லிட்டர், கல்லும் மேல் இடைவெளியும் போக 60 என்று வையும். மணிக்கு நாலைந்து தடவையாவது முழுத் தண்ணீரும் ஃபில்டர் வழியாகப் போய்வர வேண்டும், ஆக 300 லிட்டர். பெட்டி மேல் போட்டிருக்கிற எண் பொதுவாக உள்ளே ஸ்பாஞ்ச் எதுவும் இல்லாமல் ஓட்டிப் பார்த்தது. எனவே 450, 500 என்று போட்டிருப்பதை எடும். ஆனால் ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கிற வசதி கட்டாயம் இருக்க வேண்டும். நாளைக்குப் பேத்தி கப்பி கேட்பாள், ஃபைட்டர் கேட்பாள். ஃபைட்டருக்கு நீண்ட துடுப்பு, விழுகிற தண்ணீரில் அலைக்கழிந்தே களைத்துப்போகும். கப்பி குட்டி போட்டால் உறிஞ்சுகுழாய்க்குள் போய்விடும், குழாய் வாயில் ஒரு சின்ன ஸ்பாஞ்ச் உறை மாட்டிவிடும்.

கரண்ட் விஷயம்தான் எனக்குப் பெரிய கவலை. சாரல் காற்று அடித்தால் இங்கே கரண்ட் எப்போது போகும், எப்போது வரும் என்று சொல்ல முடியாது, உங்கள் பக்கமும் மழைக்காலத்தில் அப்படித்தான். மோட்டார் வெளிப்பெட்டியில் இருக்கிற வகையில், கரண்ட் போனதும் குழாயிலிருந்து தண்ணீர் இறங்கிக் காற்று புகுந்துகொள்ளும். கரண்ட் வந்ததும் மோட்டார் ‘உம்ம்’ என்று முனகும், தண்ணீர் வராது. யாராவது ஒரு சொம்பு ஊற்றிக் கிளப்பிவிட வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு நீர் எழுந்து ஊற்றுவீரா, மதினி ஊற்றுவார்களா? வெறுமே ஓடினால் சூடேறி மோட்டார் கெடும். மோட்டார் தொட்டிக்குள் தண்ணீரில் மூழ்கியே இருக்கிற வகையில் இந்தத் தொல்லை இல்லை, தானாகவே கிளம்பிவிடும். சீகெம் கம்பெனியின் டைடல் அப்படிப்பட்டது, இத்தாலியின் சிச்சே கம்பெனி செய்து கொடுக்கிறது. விலை கடிக்கும். அதே அமைப்பு வேறு கம்பெனிகளிலும் உண்டு, கேட்டுப் பாரும். ஹேகன் கம்பெனியின் அக்வாகிளியரில் கூடை அருமை, பாகங்கள் வருஷக்கணக்கில் உழைக்கும், ஆனால் மோட்டார் வெளியேதான். பணம் ஒரு பொருட்டில்லை என்றால் என் ஓட்டு டைடலுக்கு. எதுவானாலும் வயர் பிளக் பாயிண்டுக்குக் கீழே தொங்கி வளைந்து மேலேறும்படி விடும், வழிகிற சொட்டு பிளக்குக்குள் போகாது.

சத்தத்தைப் பற்றி ஒன்று. எங்கள் வீட்டில் அப்பா கட்டில் ஹாலில் தொட்டிக்குப் பக்கத்தில்தான். வெயில் காலத்தில் தொட்டித் தண்ணீர் ஆவியாகி இரண்டு விரல் இறங்கினால், ஃபில்டரிலிருந்து விழுகிற தண்ணீர் சளசளவென்று சத்தம் போடும். நடு ராத்திரியில் அப்பா, ‘ஏல, யாருல குழாயைத் திறந்து போட்டது, தண்ணி வீணாப் போவுது’ என்று கூப்பாடு போடுவார். சில நாள் நான் யாரென்று அவருக்குப் பிடிபடுவதில்லை. ‘நீங்க யாரு, எந்த ஊரு’ என்கிறார். தண்ணீர் வீணாவது மட்டும் அவருக்கு எப்போதும் தெரிகிறது, பஞ்சாயத்தில் தண்ணீர் வரி வசூலித்த ஆள் அல்லவா. நான் எழுந்துபோய் இரண்டு சொம்பு ஊற்றி, நீர்மட்டத்தை ஃபில்டர் உதடு வரை ஏற்றிவிட்டு வந்தால் சத்தம் அடங்கும், அவரும் தூங்குவார். உமக்கும் எனக்கும் அந்த வயது வர அதிக காலம் இல்லை வே. நீர் வந்து பார்த்துவிட்டுப் போனால் நல்லது. உம்மை அடையாளம் தெரியலாம், உம்ம அப்பாவோடு சேர்ந்து ஆரியங்காவு போன கதைகளை இப்போதும் சொல்கிறார்.

சரி, விட்ட இடத்துக்கு வருகிறேன். கிழக்குப் பாலக்காட்டு போர் தண்ணீரில் உப்பு படியும். மோட்டாருக்குள் சுழல்கிற இம்பெல்லர் இறக்கையில் வெள்ளையாகக் கட்டிக்கொண்டு மோட்டார் கரகரக்கும். கழற்றி எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ கொஞ்ச நேரம் ஊறப்போட்டு, நன்றாக அலசி மாட்டும். புதுசு வாங்காதேயும்.

தங்க மீன் விட்டிருக்கிறீராமே, அதுவும் நாலு. தங்க மீன் தின்பதும் அதிகம், கழிப்பதும் அதிகம். இரண்டடித் தொட்டிக்கு எந்த ஃபில்டர் மாட்டினாலும் நாலு தாங்காது. வளர்ந்ததும் யாருக்காவது கொடுத்துவிடும். பேத்தியிடம் இப்போதே சொல்லி வையும், அப்புறம் அழுகை. மிஸ் கேரளா வேண்டும் என்று உமக்கு ஆசை இருப்பதும் பாலு மூலம் தெரிந்தது. அது நம்ம மலை ஆற்று மீன், ஓடுகிற தண்ணீரும் நிறையப் பிராணவாயுவும் கேட்கும், கூட்டமாகத்தான் இருக்கும், அரையடி வரை நீளும். காட்டில் அருகிக்கொண்டும் வருகிறது. உம்ம தொட்டிக்கு அது ஆகாது. போய்ப் பார்த்து ரசித்துவிட்டு வாரும்.

பாலுவுக்குக் கண் ஆபரேஷன் முடிந்தது. நன்றாகத் தெரிகிறதாம், கூடவே நம் எல்லோருக்கும் வயசானதும் தெரிகிறதாம். குண்டாறு நிரம்பி வழிகிறது. மச்சினன் ஊருக்குப் போய்விட்டான், போகும்போது ஃபில்டரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

பாலக்காடு போகும் முன் இரண்டு அளவு எடுத்துக்கொள்ளும். தொட்டி மேல்விளிம்பின் தடிப்பு எத்தனை மில்லிமீட்டர், சுவருக்கும் தொட்டிக்கும் நடுவே எத்தனை அங்குலம் இடம். மேலே பின்பக்கம் குறுக்குக் கண்ணாடி ஒட்டியிருக்கிறதா என்றும் பாரும், இருந்தால் ஃபில்டர் உட்காராது. சுவர்ப்பக்கம் நாலைந்து அங்குலம் இல்லையென்றால், தண்ணீரை இறைத்துவிட்டுத் தொட்டியை முன்னால் இழுத்துவிடும், நிரம்பிய தொட்டியை அசைக்க முடியாது. அளந்ததைப் பாலுவிடம் சொல்லி அனுப்பாதேயும், அவன் அங்குலத்தை அடியாக்கிவிடுவான். எனக்கே எழுதும்.

அன்புடன்,
இசக்கி

பி.கு.: புது ஃபில்டர் ஓட ஆரம்பித்ததும் சொல்லும். என் ஸ்பாஞ்சில் பாதியை வெட்டி ஈரத்தோடு கொண்டுவருகிறேன். இந்தத் தடவை வாளையார் செக்போஸ்ட்.