மூட்டைப் பார்க்க வந்தவளின் நெஞ்சையும் பார்த்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

முடக்குவாதம் எனக்கு வந்து 11 வருடமாகிறது. இத்தனை நாளும் என் கவலையெல்லாம் விரல் மடங்குமா, காலை விறைப்பு எத்தனை மணிக்கு விடும் என்பதோடு சரி. இதயத்தைப் பற்றி நான் யோசித்ததே இல்லை. எனக்காக நீங்கள் யோசித்தீர்கள்.

முதல் நன்றி சிஸ்டருக்கு. கை வலிக்கிறது, பட்டையை இறுக்காதீர்கள் என்று நான் சிணுங்கியும் விடாமல் பி.பி. பார்த்தீர்கள். 152/94. "வலியில் ஏறியிருக்கும் சிஸ்டர்" என்றேன். "சரி, பத்து நிமிடம் உட்காருங்கள்" என்று மறுபடி பார்த்தீர்கள். அப்போதும் இறங்கவில்லை. முன்பு நான் போய்வந்த இடத்தில் வருடக்கணக்கில் ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் எழுதினார்கள். இரண்டுமே ரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடியவை என்றாலும் ஒருநாளும் பட்டை கட்டிப் பார்த்ததில்லை. பழி முழுக்க அவர்களுடையது என்று சொல்ல மாட்டேன். சீட்டு முடிந்த பிறகும் வலி மாத்திரையைத் தொடர்ந்து வாங்கி விழுங்கியது நான்தான்.

டாக்டர் அம்மா, அன்று என் கொலஸ்ட்ரால் ரிப்போர்ட்டைப் பெருமையாக நீட்டினேன், நினைவிருக்கிறதா? எல்லாம் குறைவாக இருந்தது. நீங்கள் சிரிக்கவில்லை. உடம்பில் அழற்சி கொதிக்கும்போது ரத்தத்தில் கொலஸ்ட்ரால் இறங்கித்தான் காட்டும், ஆபத்து அதோடு சேர்ந்து இறங்காது என்றீர்கள். மூட்டை அரிக்கும் அதே அழற்சி ரத்தக் குழாயின் உள்சுவரையும் புண்ணாக்கும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். வயது, பி.பி. எல்லாம் போட்டு மாரடைப்பு வாய்ப்பைக் கணக்கிட்டு, வந்த எண்ணை 1.5-ஆல் பெருக்கினீர்கள். முடக்குவாதக்காரர்களுக்கு அப்படித்தான் பெருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய வாதநோய் அமைப்பான யூலாரின் பரிந்துரையாம். கூட்டு வட்டி மாதிரி இருக்கிறதே என்று மனதுக்குள் நொந்துகொண்டேன்.

அப்புறம் முடக்குவாதத்துக்கு நீங்கள் கொடுத்த மெத்தோட்ரெக்ஸேட் மருந்து வேலை செய்தது, வீக்கம் வடிந்தது, ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. அளவும் இறங்கியது. கெட்ட கொலஸ்ட்ராலான எல்.டி.எல். மட்டும் ஏறியது! மருந்து கெடுத்துவிட்டது என்று பயந்து ஓடிவந்தேன். "இதுதான் உங்கள் நிஜ அளவு, இத்தனை நாள் ஒளிந்திருந்தது" என்று பொறுமையாகச் சொல்லி, கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரை எழுதினீர்கள். ஸ்டீராய்டை ஒரேயடியாக நிறுத்தாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்ததற்கும் நன்றி.

காத்திருக்கும் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்காவின் பெயர்கூட எனக்குத் தெரியாது. அவருக்கும் முடக்குவாதம்தான். மாரடைப்பு வந்தபோது நெஞ்சு வலியே இல்லை, மூச்சு வாங்கியது, அசதியாக இருந்தது, அவ்வளவுதான் என்றார். படியேறினால் எனக்கு மூச்சு வாங்குவதை டாக்டரிடம் சொல்ல அன்றுதான் வாய் வந்தது. ஈசிஜி, எக்கோ இரண்டும் நன்றாக இருந்தன. அக்கா, எங்கிருந்தாலும் நலமாக இருங்கள்.

வலித்தால் உட்கார்ந்துவிடும் என்னை நாளுக்குப் பத்து நிமிடத்தில் தொடங்கி அரை மணி நேரம் நடக்க வைத்த பிசியோ தம்பிக்கு நன்றி. எனக்காக சிகரெட்டை விட்ட என் வீட்டுக்காரருக்கும்தான். இதற்கு மேல் எழுதினால் வெட்கப்படுவார்.

அடுத்த மாதம் கொலஸ்ட்ராலுக்கு மறுபடி ரத்தம் கொடுக்க வருகிறேன். சிஸ்டர், பட்டையை இடது கையில் கட்டுங்கள். வலது முழங்கை இன்னும் முரண்டு பிடிக்கிறது.

நன்றியுடன்,
உங்கள் பழைய நோயாளி