எங்கள் வீட்டு ட்யூப்லைட்டை அணைத்தவர்களுக்கு

திரையுலகைப் பற்றி ஆவணப்படம் எடுக்கும் இயக்குநர்களுக்கும், அவற்றை வாங்கி ஓடவிடும் ஓடிடி நிறுவனங்களுக்கும்,

வணக்கம். சாலிகிராமத்திலிருந்து எழுதுகிறேன். ஓய்வுபெற்ற லைட்மேன் ஒருவரின் மகள். உங்களில் யார் எங்கள் வீட்டுக்கு வந்தீர்கள் என்று இங்கே சொல்லப்போவதில்லை. வந்தவர்களுக்குத் தெரியும்.

மூன்று நாள் வந்தீர்கள். மரியாதையான பிள்ளைகள்தான், மறுக்கவில்லை. வந்ததும் முதல் வேலையாக ஹாலில் இருந்த ட்யூப்லைட்டை அணைத்தீர்கள். ஜன்னலில் கறுப்புத் துணி கட்டினீர்கள். "முகத்துல வெளிச்சமே இல்லையே தம்பி" என்று அப்பா கேட்டார். மூட் என்றீர்கள். முப்பது வருடம் அடுத்தவர் முகத்துக்கு வெளிச்சம் போட்டவரை அவர் வீட்டிலேயே இருட்டில் உட்கார வைத்தீர்கள்.

நான்கு மணி நேரம் பேசினார். கார்பன் குச்சி எரியும் ஆர்க் விளக்கைப் பற்றி, அதன் புகையைப் பற்றி, கதாநாயகியின் மூக்கு நிழல் கன்னத்தில் விழாமல் இருக்க விளக்கை எவ்வளவு நகர்த்துவார்கள் என்பதைப் பற்றி. கண்ணெல்லாம் சிரிப்பு. அப்புறம், மேலிருந்து விழுந்து இறந்துபோன நண்பரைப் பற்றிக் கேட்டீர்கள். அழுதார்.

படத்தில் அந்த அழுகை மட்டும்தான் இருக்கிறது. 40 விநாடி. பின்னால் ஒரு வீணை. சினிமா தூக்கி எறிந்த மனிதர் என்று ஒரு குரல் சொல்கிறது. அவரை யாரும் எறியவில்லை ஐயா. கால் வலியோடு வாராவாரம் யூனியன் ஆபீசுக்குப் போய் நண்பர்களோடு டீ குடித்துக்கொண்டிருந்தவர். படம் வந்தபிறகு போவதில்லை. "யூனியன் கைவிட்டுடுச்சுன்னு சொன்னியாமே?" என்று ஒருவர் கேட்டுவிட்டார். தெருமுனைக் கடைக்காரர் பாவம் பார்த்துக் காசு வாங்க மறுக்கிறார். அதுதான் அவருக்குப் பெரிய அவமானம்.

கேட்டால், கையெழுத்துப் போட்டிருக்கிறார் என்கிறீர்கள். நான்கு பக்கம் ஆங்கிலம். நகலைக் கேட்டு வாங்கவே ஆறு வாரம் ஆனது. படித்துப் பார்த்தேன். அப்பாவின் முகத்தையும் குரலையும் பிரபஞ்சம் முழுவதும், எக்காலத்துக்கும் பயன்படுத்திக்கொள்ளலாமாம். செவ்வாய்க் கிரகத்தில் ரிலீஸ் செய்யும்போது சொல்லி அனுப்புங்கள்.

2024 நவம்பரில் நயன்தாரா தனுஷுக்கு எழுதிய திறந்த மடலை நீங்களும் படித்திருப்பீர்கள். தன்னைப் பற்றிய ஆவணப்பட டிரெய்லரில் வந்த 3 விநாடிக் காட்சிக்கு 10 கோடி ரூபாய் கேட்டு நோட்டீஸ் வந்ததென்று எழுதியிருந்தார். அதில் யார் பக்கம் நியாயம் என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். ஆனால் அந்தக் கணக்கில் அப்பாவின் 40 விநாடிக்கு 130 கோடிக்கு மேல் வருகிறது. எங்களுக்கு வந்தது ஒரு சால்வை, ஒரு ஸ்வீட் பாக்ஸ்.

சரி, பணம் கேட்டு இதை எழுதவில்லை. கேட்பது ஒன்றுதான். வெளியிடும் முன் எங்களுக்குப் போட்டுக் காட்டுங்கள்.

அப்படிக் காட்டினால் பெரிய மனிதர்கள் உண்மையை வெட்டச் சொல்வார்களே என்பீர்கள். தோலுரிக்க வேண்டியவர்களிடம் போய் ஒப்புதல் வாங்கச் சொல்லவில்லை. நட்சத்திரத்தைப் பற்றிய படம் என்றால் அவர் பார்க்காமல் ஒரு ஃப்ரேமாவது வெளியே போகுமா? வலியைச் சொன்னவருக்கு மட்டும் ஏன் அந்த உரிமை இல்லை? கேரளத்தில், சினிமாவில் பெண்கள் படும் பாட்டை விசாரித்த ஹேமா குழுவின் அறிக்கை 2019 இறுதியில் அரசிடம் போய், 2024 ஆகஸ்டில்தான் வெளியே வந்தது. அந்தத் தாமதத்தை நான் நியாயப்படுத்தவில்லை. ஆனாலும் வாக்குமூலம் கொடுத்தவர்களின் அடையாளம் தெரியாமல் பக்கங்களை நீக்கித்தான் வெளியிட்டார்கள். பேசியவர் நாளைக்கும் அதே தெருவில் நடக்க வேண்டும் என்ற நினைப்பு அதில் இருந்தது. உங்கள் விருது விழாக்களில் சமூக அக்கறை பற்றி நீங்கள் பேசுவதைக் கேட்கும்போது... வேண்டாம், விடுங்கள். கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன்.

ஒப்புதல் படிவத்தைத் தமிழில் கொடுங்கள், அன்றே ஒரு நகலை வைத்துவிட்டுப் போங்கள். வெளியிடும் முன் போட்டுக் காட்டுங்கள். தயவுசெய்து.

இன்னொன்று. அப்பா லைட்டிங் பற்றிப் பேசிய அந்த நான்கு மணி நேரம் உங்கள் ஹார்ட் டிஸ்கில் எங்காவது கிடக்கும். அழிக்கும் முன் ஒரு பிரதி கிடைக்குமா? பேரனுக்குக் காட்ட வேண்டுமாம். அவரே கேட்கச் சொன்னார்.

இப்படிக்கு,
ஒரு லைட்மேனின் மகள்