24ஆம் திகதிக்கு முன்னம்

லண்டன்
செப்டெம்பர் 6

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. வட்ஸ்அப்பில் போட்டால் இரண்டு கோடும் நீலமாகுது, பதில் வருகுதில்லை. வேலை கூடவாக்கும். ஆறுதலாக இருந்து வாசிக்கட்டும் என்று கடிதமாக எழுதுகிறேன். அம்மாவின் முழங்கால் பழைய மாதிரித்தான். தம்பியின் அலுவல் உனக்குத் தெரிந்ததே, அதைப் பேந்து கதைப்போம்.

உன் காரின் எம்.ஓ.ரி., அந்த வருஷச் சோதனைச் சான்றிதழ், ஒக்ரோபர் 24ஆம் திகதி முடியுது. ஆர் சொன்னது என்று யோசிக்காதே. நம்பர் பிளேற்றில் உள்ளதைத் தட்டினால் அரசாங்க இணையத்தளத்தில் எவரும் பார்க்கலாம்: எப்ப ரெஸ்ற் நடந்தது, எத்தனை மைல் ஓடியிருந்தது, எது பிழைத்தது, எதைக் கவனிக்கச் சொன்னார்கள் என்று எல்லாம் கிடக்குது. முடிகிற திகதிக்கு ஒரு மாதத்துக்கு உள்ளே செய்தால் அடுத்த வருஷமும் அதே 24ஆம் திகதி உனக்கு நிற்கும். அதாவது செப்டெம்பர் 25 தொடக்கம் செய்யலாம். கடைசிக் கிழமை வரைக்கும் இழுக்காதே. பிழைத்தால் திருத்த நாள் வேணும். திகதி முடிந்த பிறகு சலுகை நாள் என்று ஒன்றுமில்லை. முன்பதிவு செய்த ரெஸ்ற்றுக்கும் திருத்துகிற இடத்துக்கும் மட்டும்தான் ஓட்டலாம். மற்றபடி பிடித்தால் 1,000 பவுண் வரைக்கும் தண்டம். ரெஸ்ற் கட்டணம் காருக்கு 54.85 பவுணுக்கு மேல் எவரும் கேட்க ஏலாது. குறைத்தும் செய்வார்கள். ஆனால் மிகக் குறைத்துச் செய்கிற இடங்களில் திருத்த வேலையில் காசைப் பிடிப்பார்கள், கவனம்.

போன வருஷப் பதிவை வாசித்தேன். முதல் நாள் பிழைத்து, அடுத்த நாள் பாஸ். முன் இடது ரயர், உட்பக்க விளிம்பில் கம்பி வெளியே தெரிந்தது, 'அபாயம்' என்று போட்டிருக்குது. 2018 மே மாதத்திலிருந்து ரெஸ்ற் செய்கிற நாங்கள் பிழைகளைத் தரம் பிரித்துத்தான் எழுதுகிறோம். சிறு பிழை என்றால் பாஸ். பெரும் பிழை என்றால் இல்லை. அபாயம் என்றால் அந்த இடத்திலிருந்து காரை ஓட்டவே கூடாது, பழைய சான்றிதழில் நாள் மிச்சம் இருந்தாலும்தான். 2,500 பவுண் வரைக்கும் தண்டம், லைசென்ஸில் 3 புள்ளி. ரயர் என்றால் ஒவ்வொரு ரயருக்கும் தனித்தனி.

உட்பக்கம் தேய்ந்ததை நீ காணாததில் அதிசயமில்லை. நிற்கிற காரை வெளியே நின்று பார்த்தால் தெரியாது. சட்டம் கேட்கிறது ரயரின் அகலத்தில் நடு முக்கால் பங்கில், சுற்றுவட்டம் முழுக்க, 1.6 மில்லிமீற்றர் ஆழப் பள்ளம். விளிம்பு மொட்டையாக இருந்தாலும் நடுப்பகுதி சரியென்றால் பாஸாகிவிடும். அதனால்தான் கம்பி தெரியும் மட்டும் ஒருவரும் கவனிப்பதில்லை. ஸ்ரியறிங்கை இடப்பக்கம் முழுக்க வெட்டி, இறங்கி ரயரைப் பார், பிறகு வலப்பக்கம் வெட்டிப் பார். உள் விளிம்பில் கை வைத்துத் தடவாதே, கம்பி கிழிக்கும், கண்ணாலேயே பார். 20 பென்ஸ் காசைப் பள்ளத்தில் நிறுத்தினால் காசின் வெளி வளையம் மறைய வேணும், தெரிந்தால் ரயர் முடிகிற கட்டம். புது ரயர் ஏறக்குறைய 8 மில்லிமீற்றர். என்னைக் கேட்டால் 3க்கு வந்ததும் மாற்று, உங்கள் பக்கத்து மழைக்கு 1.6 காணாது. முன்னுக்கு இரண்டையும் சேர்த்து மாற்று. மாற்றினதும் சக்கரங்களின் நேரைப் பார்க்கச் சொல். போன வருஷம் ரயரை மட்டும் மாற்றி நேர் பார்க்காமல் விட்டிருந்தால் புது ரயரும் அதே உள்பக்கத்தில் தேய்ந்துகொண்டு இருக்கும்.

மைலும் பதிவில் இருக்குது. அதற்கு முந்தின ரெஸ்ற்றில் 31 ஆயிரம், போன வருஷம் 49 ஆயிரம். ஆஸ்பத்திரி வீட்டிலிருந்து 4 மைல் என்று நீ சொன்னதாக ஞாபகம். சரி, அது உன் பாடு. 18 ஆயிரம் மைல் ஓடுகிற காருக்கு வருஷத்துக்கு ஒரு சேவிஸ் காணாது என்று மட்டும் சொல்லுகிறேன்.

பிறேக். ரெஸ்ற்றில் முன் இரண்டு சக்கரத்தையும் உருளைமேல் ஏற்றி, பிறேக்கை அழுத்தி, ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு பிடிக்குது என்று அளப்பார்கள். பிறகு பின் சக்கரம். எல்லாம் கூட்டினால் காரின் நிறையில் 58 வீதம் வரவேணும். 2010 செப்டெம்பருக்குப் பிறகு றோட்டுக்கு வந்த கார்களுக்கு அதுதான் கணக்கு, அதற்கு முந்தினதுக்கு 50. ஹாண்ட் பிறேக் 16 வீதம் பிடித்தால் போதும். ஒரே அச்சில் இடதுக்கும் வலதுக்கும் 30 வீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தாலும் பிழைக்கும். இறுக அழுத்தும்போது கார் ஒரு பக்கம் இழுக்குதென்றால் அதுதான். பிறேக் பாட், அதாவது தேய்கிற கட்டை, தடிப்பு 1.5 மில்லிமீற்றருக்குக் கீழே போகக்கூடாது. ஆனால் ஒன்றை விளங்கிக்கொள்: எம்.ஓ.ரி.யில் சக்கரத்தைக் கழற்ற மாட்டோம், இடைவெளியால் தெரிகிறதைத்தான் பார்ப்போம். உள் பாட் தெரியாமலும் போகும். பிறேக் எண்ணெய் தண்ணீர் இழுத்திருக்குதா என்றும் பார்க்கிறதில்லை, மட்டத்தைத்தான் பார்ப்போம். அதை இரண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாற்று. உன் காரில் கடைசியாக எப்ப மாற்றினது? வாங்கினதிலிருந்து மாற்றியிருக்கமாட்டாய்.

ஸ்கொட்லாந்தில் உங்கள் அபர்டீன் பக்கம் குளிர்காலத்தில் றோட்டுக்கு உப்புப் போடுவார்கள், கடற்காற்றும் சேருது. லண்டன் கார் பத்து வருஷத்தில் காட்டுகிற துருவை அங்கத்தைக் கார் நேரத்தோடே காட்டும். உன் பதிவில் இரண்டு குறிப்பு: பின்னுக்குப் போகிற பிறேக் குழாயில் லேசான துரு, முன் ஸ்பிறிங்கிலும் துரு. இப்படிக் குறிப்புப் போட்டால் பாஸ்தான், ஆனால் ஒரு குளிர்காலம் போய்விட்டது என்பதை நினை. பிறேக் குழாய் காரின் அடியால் பிளாஸ்ரிக் கிளிப்பில் தொங்கிப் போகுது. கிளிப்புக்குள் ஈரம் தங்கி அங்கேதான் முதலில் அரிக்கும். வெடித்தால் பெடல் தரைக்குப் போகும். துருவைச் சுரண்டிப் பெயின்ற் அடித்துத் தருகிறேன் என்பான், விடாதே. செம்பு-நிக்கல் குழாய் போடச் சொல், பிறகு துருப்பிடிக்காது. ஸ்பிறிங் அடிச் சுற்றில்தான் முறியும், தட்டில் தண்ணீரும் உப்பும் தேங்குகிற இடம் அது. குளிர்ந்த காலையில் ஸ்ரியறிங்கை முழுக்க வெட்டும்போது 'டங்' என்று ஒரு சத்தம் கேட்டால், அல்லது ஒரு பக்கம் பதிந்து நின்றால், ஓட்டாமல் ஒருவரைக் கூப்பிடு. முறிந்த நுனி ரயரைக் குத்தும். ஸ்பிறிங்கும் இரண்டு பக்கமும் சேர்த்துத்தான் மாற்றுகிறது. வாசலில் குழாய் பிடித்துக் கார் கழுவும்போது அடிப்பக்கத்துக்கும் அடி. அதைத்தான் ஒருவரும் செய்வதில்லை.

தனியாகப் போய் விலை பேசி, பத்திரம் பார்த்து, உன் சம்பளத்தில் கார் எடுத்தாய். சித்தப்பா வீட்டில் நான் அதைச் சொல்லாத நாளில்லை. அப்படிப்பட்ட பிள்ளை ரயரைப் பார்க்காமல் விட்டது என்றால் எனக்கு விளங்கவில்லை.

லைற் எல்லாம் நீயே பார்க்கலாம். சுவர் ஒன்றுக்கு முன் நிறுத்திவிட்டு ஒவ்வொன்றாகப் போடு. பிறேக் லைற்றுக்குப் பின்னால் ஒரு கண்ணாடிச் சன்னல் இருந்தால் அதில் தெரியும். நம்பர் பிளேற் லைற்றையும் பின் பனி லைற்றையும் மறந்துவிடுவார்கள். தம்பி வந்தபோது மாட்டித் தந்த எல்.ஈ.டி. பல்ப் இன்னும் முன் லைற்றில் இருந்தால் கழற்று. ஹலஜன் லைற்றுக்குள் எல்.ஈ.டி. போட்டால் வெளிச்சம் கலைந்து எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும், ரெஸ்ற்றில் நேரே பிழைதான். எச்-7, 55 வாற் ஹலஜன் இரண்டு வாங்கிப் போடு, உன் காருக்கு அதுதான் வரும். கண்ணாடியில் கல் அடித்த வடு இருக்குதா? ஸ்ரியறிங்குக்கு நேரே 290 மில்லிமீற்றர் அகலப் பட்டியில் 10 மில்லிமீற்றருக்கு மேல் கூடாது, வைப்பர் துடைக்கிற மற்ற இடத்தில் 40. சிறிதாக இருக்கும்போதே அடைத்துவிடு.

இன்னுமொரு குறிப்பும் பதிவில் இருந்தது. 'பின் இடது சீற்றில் பிள்ளைகள் சீற் பூட்டியிருந்தபடியால் பெல்ற்றை முழுதாகப் பார்க்க முடியவில்லை.' அது ரெஸ்றர் வழமையாக எழுதுகிற வசனம்தான், பிழையில்லை. ஆருக்குப் பூட்டினது என்று ரெஸ்றர் எழுதுவதில்லை, எழுதத் தேவையுமில்லை. ஆனால் அதன் அர்த்தம் என்னவென்றால், அந்த ஒரு பெல்ற்றை ஒருவரும் பார்க்கவில்லை. மற்ற எல்லாவற்றையும் முழுக்க இழுத்து, வெட்டு நார்ப்பிரிவு இருக்குதா, கொழுக்கி பூட்டுதா, விட்டதும் உள்ளே சுருளுதா, அடியில் பூட்டின இடத்துக்குச் சுற்றி 30 சென்ரிமீற்றருக்குள் துரு இருக்குதா என்று பார்த்திருப்பார்கள். பிள்ளை இருக்கிற சீற்றின் பெல்ற்றைத்தான் பார்க்கவில்லை. ரெஸ்றருக்குச் சீற்றைக் கழற்றுகிற கடமையும் இல்லை. ஆகவே இந்த முறை கொண்டுபோக முதல் நீயே கழற்றிவிடு. பெல்ற்றை முழுக்க இழுத்துப் பார். சீற்றை ஒரு வருஷம் அதே இடத்தில் இறுக்கி வைத்தால் பெல்ற் ஒரே மடிப்பில் நைந்துபோகும். கொழுக்கிக்குள் பிஸ்கற் தூள், சில்லறை எல்லாம் விழுந்து பூட்டின மாதிரிச் சத்தம் கேட்கும், பூட்டாது. இழுத்துப் பார்த்து நம்பு.

சீற்றும் சாய்மனையும் சேருகிற மடிப்பில் இரண்டு இரும்பு வளையம் இருக்கும், கையை விட்டால் தட்டுப்படும். அதில் கொளுவுகிற சீற் என்றால் பெல்ற்றில் கட்டுவதைவிட நல்லது, பிழையாகப் பூட்ட இடம் குறைவு. முன் சீற்றில் பின்னுக்குப் பார்த்தபடி ஒருநாளும் வைக்காதே, எயார்பாக் நிறுத்தாமல். உயரக் கணக்குச் சீற் என்றால் 15 மாதம் தாண்டும் மட்டும் பின்னுக்குப் பார்த்தபடிதான் இருக்கவேணும், அதற்குப் பிறகும் கொள்ளும் மட்டும் அப்படியே வைக்கலாம். சட்டப்படி 12 வயது அல்லது 135 சென்ரிமீற்றர், எது முந்துதோ அதுவரைக்கும் சீற் வேணும். போன ஒக்ரோபரிலிருந்து ஒரு வருஷமாகுது. பிள்ளை வளரும், சீற் வளராது.

மற்றது சுருக்கமாக. சாவி திருப்பும்போது எஞ்சின், ஏ.பி.எஸ்., எயார்பாக், ரயர் காற்று லைற் எல்லாம் எரிந்து அணைய வேணும். எரிந்துகொண்டே இருந்தாலும் பிழை, எரியவே இல்லையென்றாலும் பிழை. புகைச் சோதனையில் எஞ்சினை 2,500 தொடக்கம் 3,000 சுற்றில் வைத்துக் காபன் மொனொக்சைட்டை அளப்பார்கள், 0.2 வீதத்துக்கு மேல் கூடாது. ஆறின எஞ்சினோடு கொண்டுபோகாதே, 20 நிமிஷம் ஓட்டிக்கொண்டு போ. 4 மைல் மட்டும் ஓடுகிற கார்களுக்குத்தான் புகைக்குழாயில் புகையைச் சுத்தமாக்குகிற கற்றலிஸ்ற் சூடாகாமல் பிழைக்கும். உன்னுடையதற்கு அந்தப் பயமில்லை. கிளச், கியர்பொக்ஸ், எஞ்சின் உள்ளே இதொன்றும் எம்.ஓ.ரி.யில் வராது, பாஸ் என்றால் கார் நல்லதென்று நினைக்காதே.

பொனெற் திறக்கிற பிடியும் பெற்றோல் மூடிச் சாவியும் வேலை செய்யவேணும், இல்லையென்றால் ரெஸ்ற்றையே மறுப்பார்கள். பின் சீற்றில் சாமான் அடுக்கிக்கொண்டு போகாதே. பிழைத்தால் காரை அங்கேயே திருத்த விடு, 10 வேலை நாளுக்குள் மறு ரெஸ்ற்றுக்குக் காசு எடுக்கக் கூடாது. இங்கே கொண்டுவா, நான் பார்க்கிறேன் என்று சொல்லத்தான் ஆசை. 500 மைலுக்கு மேல் அந்த ரயரோடு வரவேண்டாம். ரயிலில் வந்தால் வரலாம். எத்தனை பேர் வந்தாலும் மேல் அறை சும்மாதான் கிடக்குது.

ரயர் காசு அனுப்பினால் திருப்பி அனுப்புவாய் என்று தெரியும், ஆனாலும் அனுப்பியிருக்கிறேன். முன் இரண்டுக்கும், நேர் பார்க்கவும் காணும். மிச்சம் வந்தால் சீற்றுக்கு வை.

சீற் விஷயம் அம்மாவுக்குச் சொல்லவில்லை. இப்ப விற்கிற சீற்றுகளில் கனக்க சென்ரிமீற்றர் கணக்கில்தான். உயரம் எத்தனை என்று மட்டும் எழுதி அனுப்பு, எது சரிவரும் என்று நான் பார்த்துச் சொல்லுகிறேன்.

அப்பா